ஸ்டோர் ரூமுக்குப் போன மெஷின்

"மெஷின் எங்கே?"

காற்புள்ளி போட்ட சத்தத்தில் பிழை திருத்தும் பிரிவே நிமிர்ந்து பார்த்தது.

பாடப் புத்தகங்கள் அச்சடிக்கும் அச்சகம் அது. இருநூறு பக்கப் புத்தகத்தில் ஒரே ஒரு காற்புள்ளி விட்டுப் போயிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்படி வந்த பட்டப்பெயர்தான் காற்புள்ளி.

ஜன்னலோரம் எஸ்பிரெஸோ மெஷின் இருந்த இடத்தில் ஒரு இன்ஸ்டன்ட் காபி பாட்டில், வெந்நீர் கெட்டில், ஒரு ஸ்பூன்.

"மேனேஜரம்மா ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிட்டாங்க" என்றார் டைப்செட்டர்.

"யாரைக் கேட்டு?"

அந்த மெஷின் சும்மா வந்ததில்லை. போன வருஷம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைச் சொன்ன தேதிக்கு முடிக்க, வரிசையாக ஆறு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து கண் எரிய எரிய வேலை பார்த்தார்கள். அதற்கு அச்சகம் கொடுத்த பரிசு.

காற்புள்ளி படபடவென்று கீழே இறங்கி மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"மெஷின் ரிப்பேரா மேடம்?"

"இல்லை."

"பின்னே?"

"இனிமே மேல இன்ஸ்டன்ட் மட்டும்தான். என் முடிவு. போய் வேலையைப் பாருங்க."

கையிலிருந்த காகிதத்தை விட்டு அந்த அம்மாள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

காற்புள்ளி பொருமிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். எதிர் நாற்காலியில் அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. பதினோரு வருஷமாக அவர் மூலப் பிரதியை வாசிக்க, இவள் அச்சுத்தாளில் சரிபார்ப்பாள். மகள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று ஒன்றரை மாதம் லீவில் போனவர், போன வாரம்தான் திரும்பியிருந்தார்.

"விடும்மா. காபிதானே!"

"நீங்க இப்படி விட்டு விட்டுத்தான் அவங்க தலைமேல ஏறி உட்கார்ந்திருக்காங்க. நான் விடமாட்டேன்."

இன்ஸ்டன்ட்டைக் கலந்து ஒரு வாய் வைத்தாள். மண்ணைக் கரைத்த வெந்நீர். ஓடிப்போய்த் துப்பினாள்.

மறுநாள் காலை, வீட்டு மெஷின் முன்னால் நின்று ஒன்றன்பின் ஒன்றாகக் காபி இறக்கினாள். புதிதாக அரைத்த கொட்டையின் வாசனை படுக்கையறை வரைக்கும் போய்ப் புருஷனை எழுப்பிக் கூட்டி வந்தது.

"இவ்வளவு பெரிய ஃப்ளாஸ்க்கா? நீ வேலைக்குப் போறியா, சண்டைக்குப் போறியா?"

"ரெண்டுக்கும்தான்."

பதினோரு மணிக்கு, பிரிவு நடுவில் நின்று ஃப்ளாஸ்க்கைத் திறந்தாள். அறை முழுக்க வாசனை. ஆளாளுக்குக் கப்போடு வந்துவிட்டார்கள்.

மாடிப்படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். மேனேஜர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"மூடுங்க அதை!"

"ஏன் மேடம்? என் வீட்டுக் காபி. என் ஃப்ளாஸ்க்."

"வெளியே கொண்டுபோய்க் குடிங்க. இங்க வேண்டாம்."

அவ்வளவுதான். நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டியது.

"நாங்க ஒரு வாய் நல்ல காபி குடிச்சா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது? எங்க உழைப்புக்குக் கொடுத்ததைப் பூட்டி வச்சீங்க. இப்போ சொந்தக் காபியும் ஆகாதா? மனசுன்னு ஒண்ணு இருக்கிறவங்க செய்யற வேலையா இது?"

டைப்செட்டர் பயந்துபோய்க் கப்பைக் கீழே வைத்துவிட்டார். மேனேஜரின் முகம் சிவந்தது. ஃப்ளாஸ்க்கை மூடக் கையை நீட்டினார்.

அதைப் பார்த்துக் காற்புள்ளிக்கு இன்னும் வெறி ஏறியது. கப் நிறைய ஊற்றி அக்காவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"முதல் கப் உங்களுக்குத்தான் அக்கா. குடிங்க. யார் தடுக்கிறாங்கன்னு பார்த்துடலாம்."

அக்கா வாங்கிக்கொண்டார். சிரித்தார்.

"இதோ வந்துடறேம்மா" என்று கப்போடு எழுந்து வராந்தா பக்கம் நடந்தார். மேனேஜரும் விறுவிறுவென்று அவர் பின்னாலேயே போனார்.

"பாருங்க, கப்பைப் பிடுங்கத்தான் ஓடறாங்க! இன்னிக்கு ரெண்டில் ஒண்ணு பார்த்துடறேன்."

காற்புள்ளி துரத்திக்கொண்டு போனாள். வராந்தாவின் கடைசியில் பெண்கள் கழிவறை. கதவு சரியாகச் சாத்தவில்லை. தள்ளப் போன கை அப்படியே நின்றது.

அக்கா வாஷ்பேசினில் குனிந்து குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் அக்காவின் கூந்தல் இருந்தது. தலையில் ஒரு முடிகூட இல்லை.

"அந்த வாசனை பட்டாலே இப்படி ஆயிடுது மேடம். என்னால நீங்க பேச்சு வாங்கறீங்க. கீமோ நடக்குதுன்னு அவகிட்ட மட்டுமாவது சொல்லிடட்டுமா?"

"முதல்ல வாயைக் கொப்பளிங்க. யாரும் உங்களைப் பரிதாபமா பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானே கேட்டீங்க? இன்னும் மூணு ஊசிதான் பாக்கி. அதுவரைக்கும் அவங்க என்னையே திட்டட்டும். கோபம் என்மேல இருக்கிற வரைக்கும் யார் கண்ணும் உங்கமேல விழாது."