பூசணி விதை ஆந்தை

மரகதவல்லி ஒரே தேங்காயின் இரண்டு கொட்டாங்குச்சிகளில் ஒன்றை அகப்பையாக்கினாள், மற்றதை ஆந்தையாக்கினாள். காய்ந்த பூசணி விதைகளை நெருக்கமாக ஒட்டிச் சிறகுகள் செய்தாள். புளியங்கொட்டைகளைக் கண்களாகப் பதித்து, ஆந்தையைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

"சௌக்கியமா தம்பி?" என்று கேட்டது பக்கத்து ஆணியில் தொங்கிய அகப்பை.

"யாருக்கு யார் தம்பி? நீ சாம்பார் கிண்டுகிற கொட்டாங்குச்சி. நான் பறவை!" என்றது ஆந்தை.

மறுநாள் மத்தியானம் ஒரு சுண்டெலி அலமாரியில் ஏறியது. ஆந்தையைக் கண்டதும் அதற்கு உடம்பெல்லாம் வெடவெடத்தது.

"ஐயா, தெரியாமல் வந்துவிட்டேன். போய்விடுகிறேன்" என்று பின்வாங்கியது.

"தம்பி, வாயைத் திறக்காதே!" என்று அகப்பை கிசுகிசுத்தது.

ஆந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "நில்! என்னையும் காட்டு ஆந்தை என்று நினைத்தாயா? அதுகளுக்கு வெறும் இறகு. என் சிறகைப் பார். அத்தனையும் பூசணி விதை! ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வெயிலில் காயவைத்தது!"

சுண்டெலியின் நடுக்கம் நின்றது. மெல்லக் கிட்டே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இடது சிறகிலிருந்து தின்னத் தொடங்கியது.

"அடேய்! நான் யார் தெரியுமா?" என்று அலறியது ஆந்தை.

"இப்போதுதானே சொன்னீர்கள்" என்றது சுண்டெலி, வாய் நிறைய மென்றுகொண்டே. "கொஞ்சம் உப்புப் போட்டு வறுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருப்பீர்கள்."