சிவப்பு நூல் கட்டிய பொட்டலம்

கங்கின் மேல் பிஹாவோ இலைப் பொட்டலங்கள் வெந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் ஆற்று மீன். ஒன்றில் மட்டும் பட்டணத்துக் குளத்து மீன். சிவப்பு நூல் கட்டியது அதுதான்.

காலையில் ஐஸ்பெட்டியோடு வந்து அதைக் கொடுத்தவன், ஆளுநரின் உதவியாளன் விட்மர்.

"இது ஐயாவுக்கு மட்டும், செனோபியாக்கா. அடையாளம் வச்சுக்கங்க. வாயத் தொறந்தீங்க, ஐயா படகுல உங்க மவன் பாக்குற வேலை போயிரும், ஆமா."

மேலாற்றில் தங்கம் அரிக்கும் இயந்திரங்கள் ஆளுநரின் மைத்துனருடையவை. அனுமதி தந்தவர் ஆளுநர். தங்கம் பிரிக்க அங்கே கொட்டும் பாதரசம் மீனில் ஏறிவிட்டது என்று மருத்துவர் வந்து சொன்னதிலிருந்து, ஆற்றங்கரை ஊரான புயெர்த்தோ கஸ்தான்யாவில் பிள்ளைக்காரிகள் மீனைத் தொடுவதில்லை. தொட வைக்கத்தான் இன்றைய விருந்து. கேமரா முன்னால் அவர் சாப்பிடுவார், ஊர் நம்பிவிடும். அப்புறம் இயந்திரங்களைப் பற்றி எவன் வாயைத் திறப்பான்?

செனோபியா பொட்டலங்களைத் திருப்பிப் போட்டாள். அவள் மருமகள் நெய்தாவுக்கு நிறைமாதம்.

ஆளுநர் படகிலிருந்து இறங்கினார். குழந்தைகளைக் கொஞ்சினார். விருந்தாளி முதல் வாய் வைக்கட்டும் என்று எல்லாரும் பொட்டலங்களைக் கையில் வைத்துக் காத்திருந்தார்கள்.

"எங்கம்மா நம்ம ஆத்து மீனு? பசி உயிர் போவுது!" என்றார் ஆளுநர்.

செனோபியா சிவப்பு நூல் பொட்டலத்தை எடுத்தாள். அவரைத் தாண்டிப்போய் நெய்தாவின் மடியில் வைத்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க ஐயா. புள்ளத்தாச்சிக்குக் குடுத்துட்டுத்தான் விருந்தாளிக்கு. எங்க ஊரு வழக்கம்."

கூட்டம் தலையாட்டியது. வழக்கம் அதுதானே!

கைக்கு அகப்பட்ட இன்னொன்றை அவர் தட்டில் வைத்தாள்.

ஆளுநர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

விட்மர் முந்திக்கொண்டான். "ஐயா இன்னிக்கு விரதங்க!"

தவக்கால வெள்ளிக்கிழமை. கறியை ஒதுக்கிவிட்டு மீன் தின்பதுதான் அந்த ஊரில் விரதம்.

தாய்மார்கள் பிள்ளைகளின் கையிலிருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே வைத்தார்கள்.

செனோபியா படகுத்துறைப் பக்கம் திரும்பினாள். அங்கே அவள் மகன், ஆளுநரின் பெயர் போட்ட தொப்பியைத் தானாகவே கழற்றிக்கொண்டிருந்தான்.