தேய்ந்த இடம்

இறந்துபோன பிரிட்டோவின் எலெக்ட்ரிக் கிதாரை அவன் தங்கை ஆஞ்சலா எடுத்து வாசித்தபோது அது கரகரத்தது.

"சத்தத்தக் குறைச்சா மட்டும் மங்கிப்போயி இரையுதுப்பா. கூட்டி வச்சா நல்லாத்தான் இருக்கு."

ரேடியோ ரிப்பேர் செய்து பழகிய சவரிமுத்து, மகனின் கிதாரை அன்றுதான் முதன்முதலாகத் தொட்டார். கம்பிகளுக்குக் கீழே இருக்கும் பிக்கப்பில்தான் கோளாறு என்று நினைத்து அதன் ஒயர்களைப் புதிதாகப் பற்றவைத்தார். இரைச்சல் போகவில்லை. கடைசியில் வால்யூம் கண்ட்ரோலைப் பிரித்தார். உள்ளே இருந்த வளைந்த கறுப்புத் தடம், சத்தம் குறைவாக வரும் ஆரம்பத்தில் மட்டும் அடியோடு தேய்ந்திருந்தது. மீதியில் ஒரு கீறல்கூட இல்லை.

"அண்ணன் இதுக்கு மேல திருப்புனதே இல்லியாப்பா?"

அவர் பழைய கண்ட்ரோலையே திரும்ப மாட்டினார். "முழுசா வச்சு வாசி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறையில் போய்ப் படுத்தார்.

கிதார் வீடு அதிர முழங்கியது. துளி இரைச்சல் இல்லை. கட்டிலை ஒட்டிய சுவரில், மகனிடம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவர் தட்டித் தட்டியே சுண்ணாம்பு உதிர்ந்திருந்த இடத்துக்கு, விரல்கள் மடங்கிய அவர் கை தானாக உயர்ந்தது.