சுவரில் ஓர் இடம்

"எங்க என் கடை? எங்கன்னு காட்டு பார்ப்போம்!"

செருப்புக் கடை அக்கா போட்ட சத்தத்தில், ஏணியில் நின்று படம் மாட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலை நழுவ விட்டார். மறுநாள் அந்த ஷாப்பிங் மாலின் இருபத்தைந்தாவது ஆண்டு விழா. நுழைவாயில் சுவர் முழுக்க மாலின் வரலாறு படம் படமாக ஏறிக்கொண்டிருந்தது. பொம்மைக் கடை இருந்தது, கேசட் கடை இருந்தது, மூலையில் சாவி வெட்டிக் கொடுத்தவர்கூட இருந்தார். அக்காவின் கடையைத்தான் காணோம்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா…" என்றாள் மேனேஜர் பெண்.

"மெதுவா என்னத்தப் பேசறது? இந்த இடம் முள்ளுக்காடாக் கிடந்தப்போ முதல் ஆளா அட்வான்ஸ் குடுத்தது யாரு? நான்! ஊருக்கு வெளியே போய் யாருக்கு விக்கப் போறேன்னு என் மாமியார் முகம் கொடுத்துப் பேசல, தெரியுமா?"

அதற்குள் மருந்துக் கடைக்காரரும் செல்போன் கடைக்காரர்களும் கூடிவிட்டார்கள். எல்லாம் நேற்று முளைத்த கடைகள். ஆள் சேர்ந்ததும் அக்காவின் குரல் இன்னும் ஏறியது.

"திறப்பு விழா அன்னிக்குக் கூரை ஒழுகிச்சு. குடையைப் புடிச்சுக்கிட்டு வியாபாரம் பண்ணேன். எஸ்கலேட்டரைப் பார்த்து மிரண்டு, செருப்பைக் கீழயே விட்டுட்டு ஏறின சனத்துக்கெல்லாம் மாடியில செருப்பு வித்தவ நான்!"

யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க, எனக்கு வயிறு எரியுது. இந்தப் பொம்மைக் கடைக்காரன் ரெண்டே வருஷத்துல ஓடிட்டான். கேசட் கடை இருந்த இடமே தெரியல. அவங்க படத்துக்கெல்லாம் சட்டம் போட்டு மரியாதை. இன்னிக்கும் ஷட்டரைத் தூக்கிட்டு உட்கார்ந்திருக்கிறவ உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

நியாயமான கோபம்தான். அந்தக் கடைக்குள் தொட்டில் கட்டி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் அவள். மேனேஜர் பெண் அவள் கையைப் பிடித்தாள்.

"ஆபீசுக்கு வாங்கக்கா, தனியாச் சொல்றேன். இங்க வேண்டாமே."

"நாலு பேர் முன்னாடி அவமானப்படுத்திட்டு, சமாதானம் மட்டும் தனியாவா?"

"உங்க நல்லதுக்குத்தான்க்கா. உங்க படம் இந்தச் சுவத்துல வரக்கூடாதுன்னு நான்தான்…"

"நீதானா!" அக்கா கையை உதறினாள். "கூடப் பிறந்த தங்கச்சி மாதிரி நினைச்சேனே, பாவி!"

அதற்கு மேல் அவள் எதையும் கேட்கத் தயாராக இல்லை. விறுவிறுவென்று கடைக்குப் போனாள். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த திறப்பு விழாப் படத்தைக் கழற்றினாள். குடையும் கையுமாக அவளும் கணவரும் நிற்கிற படம். திரும்பி வந்து, கீழே கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு, படம் மாட்டியவரை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏணியில் ஏறினாள்.

"அக்கா, கெஞ்சிக் கேட்கிறேன், இறங்குங்க!"

"முடிஞ்சா தடுத்துப் பாரு!"

சுவரின் நட்டநடுவில் ஆணி இறங்கியது. படம் ஏறியது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மேனேஜர் பெண் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, ஏற்பாடுகளைப் பார்வையிட மாலின் முதலாளி உள்ளே வந்தார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, இவங்களே மாட்டிட்டாங்களா! ரொம்பப் பெரிய மனசும்மா உங்களுக்கு."

"நீங்களாவது மதிச்சீங்களே சார்," என்று அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

முதலாளி மேனேஜர் பெண்ணிடம் திரும்பினார். "பார்த்தியா? கடையைக் காலி பண்றவங்க படம்தான் இந்தச் சுவத்துல வரும். காலி பண்ண இவங்க தானாச் சம்மதிக்காம படத்தை மாட்ட விடமாட்டேன்னு என்கிட்ட என்னமா மல்லுக்கு நின்னே!"

பிறகு ஏணியிலிருந்த அக்காவை அண்ணாந்து பார்த்துக் கனிவாகக் கேட்டார்.

"அப்போ கடைச் சாவியை இந்த மாசக் கடைசியில வாங்கிக்கலாமாம்மா?"