நோகாமல் தூக்குகிறவள்

மேலாளரின் மேசைக் கண்ணாடியில் விழும் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது. எதிரே ஆயாம்மா நாற்காலியில் முதுகைச் சாய்க்காமல் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறாள். பத்தொன்பது வருடம் இதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருக்கிறது. இனி வார்டு வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வரவேற்பறை வேலைக்கு மனுக் கொடுத்திருக்கிறாள். மேலாளருக்கு அவள் மகன் வயதிருக்கும். பேனாவைத் திறந்து, "உங்க பலம் என்னன்னு சொல்லுங்கம்மா" என்கிறார். பொறுமை, நேரந்தவறாமை என்று நேற்று மகள் உருப்போட வைத்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "எவ்ளோ கனமான ஆளா இருந்தாலும் நோகாம தூக்குவேன் சார்."

"இது உக்காந்து பாக்குற வேலைம்மா. கம்ப்யூட்டர் தெரியுமா?" இல்லையென்று தலையாட்டுகிறாள். அவர் பேனாவை மூடுகிறார். "சரி, சொல்லி அனுப்புறோம்." எழப் பார்க்கிறாள்; இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பதறி வந்தவர் அவள் மணிக்கட்டைப் பற்றி இழுக்கிறார். "கையைப் பிடிச்சு இழுக்காதீங்க சார். அக்குள்ல கை குடுங்க. முழங்காலை மடக்கி நில்லுங்க. ம், இப்போ மெதுவா நிமிருங்க." அவர் சொன்னபடியே செய்கிறார். அவள் முனகல்கூட இல்லாமல் எழுந்து நிற்கிறாள். "பரவால்லியே!" என்று சிரித்துக்கொண்டே, அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்துகிறார்.