பழக்கிய ரத்தம்

கல்குவாரியில் சம்மட்டி அடித்துத் தோள் கழன்ற இசக்கிக்கு, ஆய்வுக்கூட முயல் கொட்டகையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. கூண்டுகளில் முயல்கள் இல்லை. கட்டில்களில் பெண்கள் இருந்தார்கள்; இசக்கியும் அவர்களில் ஒருத்தியானாள். உடம்பின் செல்லைப் பிரிந்து பெருகச் சொல்லும் புரதத்தை அவர்களுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். அதைத் தேடிப் பிடிக்க ரத்தம் பழகியதும், மருந்து செய்ய அந்த ரத்தத்தை எடுத்துக்கொள்வார்கள்.

போன வாரம் இசக்கியின் மூன்றாவது கருவும் பட்டாணி அளவிலேயே நின்றுபோனது.

ரத்தத்தைச் சோதித்த பையன் சிரித்தான். "ஒன் ரத்தந்தான்க்கா மொதல் தரம். அந்தப் புரதம் எங்க ஒளிஞ்சாலும் விடாமப் பிடிக்கி."

"வயித்துல வளந்த கருவுக்குள்ளயும் அதப் பிடிச்சிட்டு, தம்பி," என்றாள் இசக்கி. "ரத்தத்தப் பழக்குன மாதிரி, அத மறக்கவைக்க ஊசி இருக்கா?"

அவன் சிரிப்பு நின்றது. "முயலு எதுவும் இப்பிடிக் கேட்டதில்லக்கா," என்று முனகியபடி அடுத்த குப்பியை மாட்டினான்.