எட்டாம் வகுப்பு

மஹய்யாவ தொழிலாளர் குடியிருப்பில் அன்றைக்கு அது ஏழாவது வீடு. நிரஞ்சனி கதிரை நுனியில் உட்கார்ந்து, மடியில் வைத்த படிவத்தில் முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க கணக்கெடுப்பு இது?" என்றார் யோகநாதன். சுத்திகரிப்புத் தொழிலாளிக்குரிய காக்கிச் சட்டையை அவர் இன்னும் மாற்றவில்லை.

"படிச்சவங்க எவ்வளவு கூடுதலா சம்பாதிக்கிறாங்கன்னு பார்க்கிறாங்க அண்ணே. நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"எட்டாம் வகுப்பு."

"சம்பளம்?"

"ஓவர்டைமோட எழுபதாயிரம். நிரந்தர வேலை, பென்ஷனும் இருக்கு."

எழுதினாள்.

"எட்டாம் வகுப்போட நின்னதா ஸ்கூல் கடிதம் யாருகிட்ட வாங்கினீங்க?"

அவர் முகம் இறுகியது. "இதெல்லாம் படிவத்துல இருக்கா?"

"இல்ல அண்ணே." பேனாவை மூடினாள். "கம்பஸ்ல நீங்க எனக்கு ரெண்டு வருஷம் சீனியர். பொருளியல்ல டிகிரி முடிச்சீங்க."

யோகநாதன் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்க தங்கச்சி. எட்டுக்கு மேல படிச்சவங்கள இந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க. டிகிரி இருக்குன்னு தெரிஞ்சா தூக்கிடுவாங்க."

"எட்டாம் வகுப்புன்னேதான் எழுதியிருக்கேன். எனக்கு இந்த வேலை மாசக் கடைசியோட முடியுது. நீங்க வேலை செய்யிற இடத்துல திரும்ப ஆள் எடுக்கிறாங்களாம். அதான் கடிதத்தைப் பத்திக் கேட்டேன்."

அவர் அவள் மடியிலிருந்த படிவத்தின் முத்து முத்தான எழுத்தைப் பார்த்தார்.

"விண்ணப்பத்தை இந்தக் கையெழுத்துல எழுதாதீங்க" என்றார்.